ஜெர்மன் ஹெல்மெட் குஞ்சங்கள்: தனியாக வாங்கி மாட்டலாமா?

கேள்வி (வாசகர் ஒருவர்)

பழைய பிரஷ்ய ஹெல்மெட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கருப்புத் தோல், முன்னால் பித்தளைக் கழுகு, உச்சியில் கூர்முனை. எல்லாம் ஒரிஜினல் என்றுதான் தோன்றுகிறது. கூர்முனையை எடுத்துவிட்டு வெள்ளைக் குஞ்சம் வைத்தால் அழகும் கூடும், விலையும் கூடும். குஞ்சம் ஏலத்தில் தனியாகவே கிடைக்கிறது. அது வெறும் அலங்காரம்தானே, எதை எதில் மாட்டினால் என்ன?

பிப்ரவரி 4

மாட்டாதீர்கள் தம்பி. வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கூர்முனையின் கழுத்தைப் பிடித்து மெதுவாகத் திருகிப் பாருங்கள். முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள், எண்ணெய் விட்டோ குறடு வைத்தோ திருக வேண்டாம். அது கழன்று வருகிறதா இல்லையா என்பதிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது.

பிரஷ்ய அரசர் நான்காம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் 1842-ல் இந்தக் கூர்முனை ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார். பிக்கெல்ஹவுபே என்று உலகத்துக்கே தெரியும். குஞ்சம் எல்லாப் படைக்கும் பொது இல்லை. சில ரெஜிமென்ட்டுகளுக்கு மட்டும் அணிவகுப்பு நாளில் வைத்துக்கொள்ள உரிமை கொடுத்தார்கள். அந்த உரிமை இருந்த படைகளுக்குத்தான் கழற்றக்கூடிய கூர்முனை. அதைக் கழற்றி வைத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு உலோகப் புனலைத் திருகுவார்கள். முடிக்கற்றை அந்தப் புனலில் உட்காரும், நுனி நாலாபக்கமும் கீழே விழும். உரிமை இல்லாத சாதாரண காலாட்படை வீரனின் ஹெல்மெட்டில் கூர்முனை அடித்தட்டோடு ஒட்டியே இருக்கும். அப்படிப்பட்ட ஹெல்மெட்டில் குஞ்சம் மாட்ட வேண்டுமென்றால் அறுக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேல் முழுசாக வந்து சேர்ந்த பொருளை நம் காலத்தில் அறுப்பதா?

பிப்ரவரி 4, இரவு

ஒன்று சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே எழுதியதைத் தப்பாகப் பிடித்துக்கொள்வீர்கள். கூர்முனை கழன்று வந்தாலே குஞ்ச உரிமை என்று அர்த்தம் இல்லை. முதல் உலகப்போர் நடுவில் வந்த 1915 மாதிரியில் எல்லாருக்கும் கழற்றும் கூர்முனைதான். பதுங்குகுழியில் இருப்பவன் தலைக்கு மேல் முனை நீட்டிக்கொண்டு தெரியக்கூடாது என்பதற்காகச் செய்தது அது. திருகு இருக்காது, அழுத்தித் திருப்பி மாட்டும் பூட்டு. உலோகமும் மங்கிய சாம்பல் நிறம். பளபளக்கும் பித்தளையில் திருகோடு இருந்தால் ஒரு கதை, சாம்பல் நிறத்தில் பூட்டோடு இருந்தால் வேறு கதை.

அதிகாரிகள் விஷயம் தனி. அவர்கள் ஹெல்மெட்டைத் தங்கள் காசில் கடையில் வாங்கினார்கள், செய்தவனுக்குச் செய்தவன் வேலைப்பாடு மாறும். அதனால் அதிகாரியின் ஹெல்மெட்டில் முனை கழல்வதை மட்டும் சாட்சியாக வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. படம் போடுங்கள், பார்க்கலாம்.

பிப்ரவரி 6

நிறம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏலப் பட்டியல்களில் அதிகம் குளறுபடி நடக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, பாடன் எல்லாம் ஜெர்மன் பேரரசுக்குள் இருந்த தனி அரசுகள், நிறமும் அரசுக்கு அரசு மாறும். பிரஷ்யாவில் அரசரின் காவல்படைக் காலாட்களுக்கு வெள்ளை. ஆனால் காவல்படை என்ற சொல்லைப் பார்த்ததும் வெள்ளை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலாம் காவல் காலாட்படை ரெஜிமென்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு பட்டாலியன்களுக்கு வெள்ளை, ஃபியூசிலியர் பட்டாலியனுக்குக் கருப்பு. அதே ரெஜிமென்ட், அதே கழுகு, அதே நட்சத்திரம், குஞ்சம் மட்டும் வேறு. காவல்படையில் சேராத வரிசைப் படைகளில், 1 முதல் 12 வரையான கிரெனடியர் என்ற காலாட்படை ரெஜிமென்ட்டுகளுக்குக் கருப்பு. பாடன் நாட்டின் 109-ஆம் லைப் கிரெனடியர்களுக்கு வெள்ளை. அதனால் "வெள்ளை, ஆகவே பெர்லின்" என்று எழுதும் விற்பனையாளர் பாடனின் தலைநகர் கார்ல்ஸ்ரூவே பக்கம் போனதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரஷ்யப் பீரங்கிப் படைக்குக் கூர்முனைக்குப் பதில் உருண்டை. அதையும் கழற்றித்தான் புனல் வைப்பார்கள். பிரஷ்யக் களப் பீரங்கிக்குக் கருப்பு, காவல்படைக் களப் பீரங்கிக்கு வெள்ளை.

இப்போது சிவப்பு. பிரஷ்யாவில் சிவப்பு என்றால் வாத்தியக்காரர்கள். முரசு அடிப்பவர், குழல் ஊதுபவர், பாண்டு. இது பரவலாகத் தெரிந்த விஷயம் என்பதால் எந்தச் சிவப்புக் குஞ்சம் வந்தாலும் "இசைக்குழு" என்று சீட்டு ஒட்டி விலையை ஏற்றிவிடுகிறார்கள். பவேரியாவில் பீரங்கிப் படைக்கே சிவப்புதான். பவேரிய முகப்புத்தகடு இருக்கும் ஹெல்மெட்டில் சிவப்பு இருந்தால் அவன் பீரங்கி வண்டியோடு போனவனாகவும் இருக்கலாம், முரசோடு போனவன் என்று முடிவு கட்டக்கூடாது. பவேரியத் தகட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். அடியில் "இன் ட்ரோய ஃபெஸ்ட்" என்று பொறித்திருக்கும். பிரஷ்யத் தகட்டில் கடவுள், அரசர், தாய்நாடு மூன்றும் வரும்.

தளபதிகளுக்கு முடி கிடையாது, இறகு. பிரஷ்யாவில் வெள்ளையும் கருப்பும், பவேரியாவில் வெள்ளையும் இளநீலமும், சாக்சனியில் வெள்ளையும் பச்சையும். இறகுக் குஞ்சங்களை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், சேகரிப்பில் வைக்கவில்லை. ஏன் என்று பின்னால் எழுதுகிறேன்.

பிப்ரவரி 9

"என்ன முடி, எப்படித் தெரிந்துகொள்வது" என்று இன்னொருவர் கேட்கிறார்.

சாதாரண வீரனுக்குக் குதிரைமுடி. அதிகாரிக்கு எருமைமுடி. கையில் எடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். குதிரைமுடி தடிமனாக, வளைத்தால் திமிறும், ஒளியில் ஒவ்வொரு இழையும் தனியாக மின்னும். எருமைமுடி மெல்லியது, கூட்டமாக விழும், ஓரம் ஒரே சீராகத் தெரியும். நம் கோயிலில் சாமரம் வீசும்போது அந்த முடி ஒரே அலையாக விழுமே, நல்ல எருமைமுடிக் குஞ்சம் அப்படி விழும்.

நான் எப்போதும் செய்யும் வரிசை இது. முதலில் முடியைப் பார்ப்பதில்லை, புனலைப் பார்க்கிறேன். புனலின் உலோகம் ஹெல்மெட்டின் மற்ற உலோகத்தோடு ஒத்துப்போகிறதா? முதலாம் காவல் காலாட்படைக்கு எல்லாம் வெள்ளி நிறம். அதில் பித்தளைப் புனல் திருகியிருந்தால் யாரோ பிற்பாடு சேர்த்தது. அடுத்தது திருகின் மரை. பழைய மரை தேய்ந்து, உள்ளே கருத்த அழுக்கு படிந்திருக்கும், முதல் சுற்றிலேயே வழுக்கிக்கொண்டு ஏறும். புது மரை கையைக் கீறும். அப்புறம் புனலின் வாய் ஓரம். முடி பல காலம் உரசிய இடத்தில் விளிம்பு மழுங்கியிருக்கும். புனலைக் கவிழ்த்து உள்ளேயும் பாருங்கள், முடியை எதனால் கட்டியிருக்கிறார்கள் என்று. பழுத்துப்போன சணல் நூலா, பளிச்சென்ற நைலான் நூலா, பசை ஒழுகியிருக்கிறதா?

இவ்வளவும் ஆன பிறகுதான் முடிக்கு வருவேன். உதிர்ந்து கிடக்கும் ஒரே இழையை எடுத்து நெருப்பில் காட்டினால் முடி கருகி நாறும், செயற்கை இழை உருகி மணியாகும். விற்பவர் அனுமதி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் சிறிய நுண்ணோக்கி இருந்தால் நெருப்பே வேண்டாம். மிருக முடியின் மேல் ஓடு போட்ட மாதிரிச் செதில்கள் தெரியும், நைலான் வழவழவென்று கம்பியாக இருக்கும்.

பிப்ரவரி 10

புறஊதா விளக்கைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

அந்த விளக்கின் மேல் சேகரிப்பாளர்களுக்கு அபார நம்பிக்கை. நீல ஒளியில் குஞ்சம் பளீரென்று எரிந்தால் போலி, இருட்டாக இருந்தால் அசல் என்று ஒரே வரியில் தீர்ப்பு. வெண்மையூட்டிகள் சலவைத்தூளில் பரவலாகச் சேர்ந்தது 1940-களுக்கு அப்புறம் என்பது உண்மை. ஆனால் நல்ல பழைய குஞ்சத்தை யாரோ ஒரு பாட்டி 1970-ல் சலவைத்தூள் போட்டு அலசி வைத்திருந்தால் அதுவும் எரியும். முடியில் இருக்கும் கெரட்டினுக்கே மங்கலான நீல ஒளிர்வு உண்டு, சாயம் போடாத வெள்ளை முடியில் அது தெரியும். எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். வெண்மையூட்டி படாத முடியில் போன வருஷம் செய்த போலி விளக்கில் அமைதியாக இருக்கும். விளக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். தையல் நூல் மட்டும் எரிந்து முடி எரியாமல் இருந்தால் அது பயனுள்ள தகவல். யாரோ பிரித்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 17

போன வாரம் நடந்ததை எழுதியே ஆக வேண்டும், மனசு இன்னும் ஆறவில்லை.

டான்யூப் கரையில் ஒரு சிற்றூர்ச் சந்தை. மேசையில் தகர உருளை ஒன்று, பழைய நோட்டுகளுக்கும் காபிக் கோப்பைகளுக்கும் நடுவில். மூடியைத் திறந்தால் உள்ளே சிவப்புக் குஞ்சம், தலைகீழாக, முடி மடங்காமல், புனலோடு. அந்தக் காலத்தில் குஞ்சத்தை இப்படித்தான் தனிக் குழாயில் வைத்தார்கள், அட்டைக்குழாயும் உண்டு, தகரமும் உண்டு. வருஷத்தில் சில நாள் மட்டும் வெளியே வந்த பொருள், மற்ற நாளெல்லாம் இருட்டில் இருந்தது. நிறம் அவ்வளவு ஆழமாக நின்றதற்குக் காரணம் அதுதான். வெளிச்சத்தில் பட்ட சிவப்பு இப்படி இருக்காது, செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும்.

ஹெல்மெட் எங்கே என்று கேட்டேன். முந்தின சந்தையில் யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். "இது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், இடத்தை அடைக்கிறதாம்" என்றார் அந்தம்மா. அவருடைய கணவரின் தாத்தாவுடையது. எந்தப் படை என்று அவருக்குத் தெரியாது. முன்னால் என்ன தகடு இருந்தது என்று கேட்டேன், அதுவும் நினைவில்லை. ஒரு வாரத்துக்கு முன்னால் வரைக்கும் இந்தக் குஞ்சம் பீரங்கிக்காரனுடையதா வாத்தியக்காரனுடையதா என்று ஒரே பார்வையில் சொல்லியிருக்கலாம். ஹெல்மெட்டின் உள்தோலில் டிப்போ (படைக் கிடங்கு) முத்திரை இருந்திருக்கும், ரெஜிமென்ட் எண்ணும் இருந்திருக்கும். இப்போது அந்த மனிதன் யார் என்பது இரண்டு வீடுகளில் பாதிப் பாதியாகக் கிடக்கிறது. எங்கோ ஒருவர் அந்த ஹெல்மெட்டுக்கு ஏலத்தில் குஞ்சம் தேடிக்கொண்டிருப்பார்.

வாங்கினேன். அந்தம்மா சொன்னதையெல்லாம் அவர் முன்னாலேயே எழுதிக்கொண்டேன்: குடும்பம் எந்த ஊர், தாத்தா எந்தத் தொழில், குழாய் எந்த அறையில் இருந்தது. அவருக்கு ஆச்சரியம். ஒரு குஞ்சத்தைப் பற்றிப் போய் இவ்வளவு கேட்கிறானே என்று நினைத்திருக்கலாம். கடைசியில் தாத்தாவின் படம் ஒன்று அண்ணன் வீட்டில் இருப்பதாகச் சொல்லி என் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 18

அந்தச் சிவப்புக் குஞ்சத்துக்கு ஒரு ஹெல்மெட் தேடுவீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை, அதற்கு ஹெல்மெட் வாங்கி மாட்டப்போவதில்லை. குழாயோடு அப்படியே இருக்கும்.

பிப்ரவரி 25

போலிகளைப் பற்றி. இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஒன்றாகக் குழப்பினால் அநியாயம்.

முதல் வகை, வேறு நாட்டின் அசல் குஞ்சம் ஜெர்மன் என்ற பெயரில் வருவது. ஜெர்மன் அதிகாரி எமில் கோர்னர் 1885-ல் சிலி நாட்டுக்குப் போய் அந்த ராணுவத்தைப் பிரஷ்ய முறைக்கு மாற்றினார். சிலியின் ராணுவப் பள்ளி மாணவர்கள் செப்டம்பர் 19 அணிவகுப்பில் இன்றைக்கும் கூர்முனை ஹெல்மெட்டில் வெள்ளைக் குஞ்சத்தோடுதான் நடக்கிறார்கள். பார்க்க அவ்வளவு அழகு. அந்தக் குஞ்சங்கள் பழசாகி வெளியே வந்தால் அசல் குதிரைமுடி, அசல் தேய்மானம், நாடு மட்டும் வேறு. ஸ்வீடன் அரசக் காவல்படையிலும் வெள்ளை உண்டு. பிரிட்டிஷ் லைஃப் கார்ட்ஸ் வெள்ளை, ப்ளூஸ் அண்ட் ராயல்ஸ் சிவப்பு. இவற்றில் முடியை வைத்து நாட்டைப் பிரிப்பது கஷ்டம். புனலும் மரையும்தான் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் புனல் இல்லாத வெறும் முடிக்கற்றைக்கு நான் காசு கொடுப்பதில்லை.

இரண்டாம் வகை, புதிதாகச் செய்தவை. இந்தியாவில் செய்த நகல் ஹெல்மெட்டுகளும் குஞ்சங்களும் உலகம் பூராவும் போகின்றன. செய்பவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, நாடகத்துக்கும் படப்பிடிப்புக்கும் போர்க்கால வேடம் போடுபவர்களுக்கும் நகல் என்று சொல்லியே விற்கிறார்கள். பித்தளை வேலை நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மூன்றாவது கைக்கோ நான்காவது கைக்கோ போன பிறகு, தேநீர்க் கறையும் செருப்பு மையும் பூசி "மாடியறையில் கண்டெடுத்தது" என்று ஒருவர் விற்கும்போதுதான் அது போலியாகிறது. குற்றம் அங்கே.

ஜெர்மன் தளங்களில் தேடுபவர்களுக்கு: குஞ்சத்தை ஹார்புஷ் என்றும் புனலை ட்ரிஷ்டர் என்றும் போடுவார்கள். இரண்டு சொல்லும் சேர்ந்து வரும் பதிவுகளை மட்டும் பாருங்கள்.

மார்ச் 2

சென்னையிலிருந்து ஒருவர். தாத்தா காலத்துப் பொருட்களோடு ஒரு வெள்ளைக் குஞ்சம் இருக்கிறதாம், எந்த நாடு என்று தெரியாதாம், "பூச்சி அரிக்கிறது, அந்துருண்டை போடலாமா" என்கிறார்.

எந்த நாடு என்பது இருக்கட்டும், முதலில் பூச்சி. முடியும் இறகும் கெரட்டின். துணி அந்துப்பூச்சியின் புழுவுக்கும் கம்பள வண்டின் புழுவுக்கும் அது சாப்பாடு. பறக்கும் பூச்சி தின்பதில்லை, புழுதான் தின்னும். குஞ்சத்தின் அடியில், முடி கட்டியிருக்கும் இருட்டு இடத்தில் இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் கையில் எடுத்தால் கொத்தாக உதிரும். அந்துருண்டை புழுவை நம்பிக்கையாகக் கொல்லாது. அந்தப் புகை பழைய மெருகுக்கும் நம் நுரையீரலுக்கும் நல்லதில்லை.

அருங்காட்சியகங்களில் செய்வது உறைய வைப்பது. பாலிதீன் பையில் போட்டு, காற்றை முடிந்த மட்டும் வெளியேற்றி, மூடி ஒட்டி, வீட்டு ஃப்ரீசரில், அதாவது மைனஸ் 18 டிகிரியில், குறைந்தது இரண்டு வாரம். மைனஸ் 30 போகும் பெட்டி கிடைத்தால் மூன்று நாள் போதும். வெளியே எடுத்தவுடன் பையைப் பிரிக்கக்கூடாது. அறை வெப்பத்துக்கு முழுசாக வரும் வரை ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் முடியின் மேல் வியர்க்கும். சென்னைக் காற்றுக்கு இது ரொம்ப முக்கியம். அப்புறம் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொட்டலம் குடித்து முடித்ததும் மாற்ற வேண்டும், வருஷக்கணக்கில் அதையே போட்டு வைத்தால் பயன் இல்லை.

சிவப்புக் குஞ்சமாக இருந்தால் தண்ணீரே காட்டாதீர்கள். பழைய சாயம் ஒழுகும். நல்ல குஞ்சம் ஒன்று இளஞ்சிவப்புப் பஞ்சாக மாறியதைப் பார்த்திருக்கிறேன், அலசியவர் நல்ல எண்ணத்தில்தான் அலசினார்.

மார்ச் 3

அவசரக் குறிப்பு. பழைய இறகுப் பொருட்களைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பறவைத் தோலையும் இறகையும் பூச்சியிடமிருந்து காக்க அந்தக் காலத்தில் ஆர்சனிக் தடவினார்கள். முடிக் குஞ்சத்திலும் பழைய பூச்சிமருந்து இருக்கலாம். உதறக்கூடாது, ஊதக்கூடாது, குழந்தைகள் தலையில் வைத்துப் படம் எடுக்கக்கூடாது. நேற்றைய குறிப்பைப் படித்த கையோடு குஞ்சத்தை வெளியே எடுத்தவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வாருங்கள்.

மார்ச் 15

இறகை ஏன் சேகரிப்பதில்லை என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

ஹுசார் குதிரைப்படை அதிகாரிகளின் உரோமத் தொப்பியில் நிமிர்ந்து நிற்கும் வெள்ளை இறகு கொக்கினுடையது. கொக்குக்கு இனப்பெருக்கக் காலத்தில் முதுகில் நீளமாக, கிளை பிரிந்த மெல்லிய இறகு வளரும். அதற்காகத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொக்கைச் சுட்டார்கள். கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தில் தாயைச் சுட்டால் குஞ்சும் போய்விடும். படைக்குப் போனது சிறு பங்கு, பெரிய பங்கு பெண்களின் தொப்பிக்குப் போனது, லண்டன், பாரிஸ், நியூயார்க் என்று. இங்கிலாந்தில் 1889-ல் பறவைப் பாதுகாப்புச் சங்கம் பெண்களால் தொடங்கப்பட்டதே இந்த இறகு வியாபாரத்தை எதிர்த்துத்தான். இந்தியாவிலிருந்து பறவை இறகு ஏற்றுமதி 1902-ல் தடை செய்யப்பட்டது. நம் ஏரிக்கரைக் கொக்கும் இந்தக் கதையில் இருக்கிறது.

இன்றைய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரிய கொக்கும் சின்னக் கொக்கும் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. 1947 மார்ச் 3-க்கு முன்னால் செய்து முடித்த பழம்பொருள் என்று நிரூபிக்க முடிந்தால் விதிவிலக்கு உண்டு. நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. அமெரிக்காவில் 1918-ல் வந்த புலம்பெயர் பறவைகள் சட்டப்படி கொக்கு இறகை விற்கக்கூடாது, பழசு என்பது சமாதானம் ஆகாது. இந்தியாவுக்குள் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு என் ஆலோசனை, வேண்டாம்.

சட்டம் அனுமதித்தாலும் என்னால் முடியவில்லை. குதிரைமுடிக்காகக் குதிரையைக் கொல்ல வேண்டியதில்லை. இந்த இறகு அப்படி இல்லை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கட்டும், அங்கே போய்ப் பார்க்கிறேன்.

மார்ச் 22

அருங்காட்சியகம் என்றதும் எங்கே பார்க்கலாம் என்று கேட்டவர்களுக்கு. பவேரியா பக்கம் இருந்தால் இங்கோல்ஸ்டாட். பவேரிய ராணுவ அருங்காட்சியகம் 1879-ல் மியூனிக்கில் தொடங்கி, 1972-லிருந்து இங்கோல்ஸ்டாட் கோட்டையில் இருக்கிறது. பாடன் பக்கம் ராஸ்டாட் அரண்மனை, சாக்சனிக்கு ட்ரெஸ்டன்.

இங்கோல்ஸ்டாட்டில் கூர்முனைகளுக்கு முன்னால் வந்த ராவ்பன்ஹெல்ம் என்ற பவேரிய ஹெல்மெட்டைத் தேடிப் பாருங்கள். உச்சியில் முன்னிருந்து பின்னாகக் கருப்பாக, தடித்த கம்பளிப்பூச்சி படுத்திருக்கிற மாதிரி ஒரு முடிக் கொண்டை ஓடும். பவேரியர்கள் அதை விட மனமில்லாமல் வைத்திருந்தார்கள். பிரஷ்யர்களின் கூர்முனையை இரண்டாம் லுட்விக் அரசர் தன் காலம் முடியும் வரை ஏற்கவில்லை. 1886 ஜூனில் அவர் இறந்தார், அதே வருஷம் பவேரியக் காலாட்படையின் தலையில் கூர்முனை ஏறிவிட்டது. ஒரு நாட்டுக்காரன் தன் தலையில் எந்த முடியை வைத்துக்கொள்கிறான் என்பதற்காக இவ்வளவு பிடிவாதம் பிடித்திருக்கிறார்கள். முதல் நாள் கேட்ட தம்பி "வெறும் அலங்காரம்தானே" என்றாரே, அவர் இதைப் படிக்க வேண்டும்.

ஏப்ரல் 5

ஹெல்மெட் இவ்வளவு கிடைக்கும்போது குஞ்சம் ஏன் அரிது? நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்த காரணங்களைச் சொல்கிறேன்.

போருக்குப் போனவன் குஞ்சத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. 1892-லிருந்தே களத்தில் ஹெல்மெட்டுக்குத் துணி உறை. 1914-ல் உறையோடு கிளம்பினார்கள், குஞ்சங்கள் டிப்போவில் கிடந்தன. 1916-ல் எஃகு ஹெல்மெட் வந்தது. எதிரியின் கையில் நினைவுப்பொருளாகக் கிடைத்ததெல்லாம் கூர்முனையோடு கிடைத்தது. போர் முடிந்தபோது ஜெர்மனியின் கோப்லன்ஸ் நகரக் கிடங்கில் அமெரிக்கர்களிடம் சிக்கியதும் கூர்முனை ஹெல்மெட்டுகள்தான். 1919-ல் நியூயார்க் பார்க் அவென்யூவில் போர்க்கடன் பத்திரம் விற்பதற்காக அவற்றைப் பிரமிடாக அடுக்கினார்கள், ஒரு பிரமிடுக்கு சுமார் 12,000. அதன் பழைய புகைப்படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள், ஹெல்மெட் மேல் ஹெல்மெட்டாக ஏறிப்போகிறது, குஞ்சம் கண்ணுக்குப் படவில்லை.

டிப்போவில் கிடந்த குஞ்சங்களுக்குக் குடியரசு வந்த பிறகு வேலை இல்லை. மிச்சம் இருந்தவை வீடுகளில் இருந்தவை. அங்கே அந்துப்பூச்சி, திருவிழா வேடம், குழந்தைகள் விளையாட்டு. பித்தளையும் தோலும் தாக்குப்பிடிக்கும், முடி தாக்குப்பிடிக்காது. அதனால்தான் சேர்ந்தே இருக்கும் ஒரு ஜோடியைப் பார்த்தால், ஹெல்மெட், கூர்முனை, புனல், முடி, குழாய் எல்லாம் ஒரே வீட்டில் இருந்து வந்தால், எனக்கு விலை கேட்கவே கொஞ்ச நேரம் ஆகும்.

ஏப்ரல் 12

முதல் கேள்வி கேட்ட தம்பி படம் போட்டிருக்கிறார், நன்றி. தெளிவான படங்கள்.

வரிசைப் படையின் கழுகு, மார்பில் காவல்படை நட்சத்திரம் இல்லை. பித்தளை. கூர்முனை அடித்தட்டோடு ஒட்டியது, திருகினால் அசையவில்லை என்கிறார். வலது பக்கம் பேரரசின் வட்டச் சின்னம் இருக்கிறது, அதனால் 1897-லோ அதற்கு அப்புறமோ பயன்பாட்டில் இருந்தது. பின்பக்கத் தோலில் முத்திரை இருக்கிறது, எண் பாதி அழிந்திருக்கிறது, தெரிகிற வரையில் மூன்று இலக்கம், கடைசி 9 இல்லை, ஆக 109-ஆம் படை அல்ல. குஞ்ச உரிமை இருந்த படையின் ஹெல்மெட் என்று சொல்ல இதில் எனக்கு ஒரு அடையாளமும் தெரியவில்லை. ஒரு சாதாரணக் காலாட்படைக்காரனுடையது. ஜனவரி 27, ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் பிறந்தநாள் அணிவகுப்பிலும் அவன் இந்தக் கூர்முனையோடுதான் நின்றிருப்பான். அது குறை இல்லை தம்பி. அவன் தலை எப்படி இருந்ததோ அப்படியே உங்கள் கையில் இருக்கிறது.

இரண்டாவது விஷயம். வெள்ளைக் குஞ்சத்தை ஏற்கெனவே ஏலத்தில் எடுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். பரவாயில்லை, திருப்பி அனுப்ப வேண்டாம், புனலோடு வருகிறது அல்லவா. பிப்ரவரியில் "மாட்டாதீர்கள்" என்று ஒரே சொல்லில் நிறுத்தியிருந்தேன். இந்த இழையில் பலர் எழுதியதைப் படித்த பிறகு அதை இப்படி விரிக்கத் தோன்றுகிறது: காட்சிக்காகப் பொருத்தமான ஹெல்மெட்டில் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பதில் தப்பு இல்லை, மரை வலுக்கட்டாயம் இல்லாமல் ஏறினால். ஆனால் இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை என்பது எழுத்தில் இருக்க வேண்டும், ஹெல்மெட்டின் உள்ளேயும் குஞ்சத்தின் குழாயிலும். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் விற்றாலும் வாங்குபவர் தெரிந்து வாங்குவார். உங்கள் ஹெல்மெட்டில் மட்டும் அதற்கு இடம் இல்லை, அறுத்தால்தான் உண்டு.

பார்சல் வந்ததும் முதலில் புனலைக் கவிழ்த்து உள்பக்கத்தைப் படம் எடுங்கள், மரையை அருகிலிருந்து ஒன்று, கட்டிய நூலை ஒன்று. விற்றவருக்கு எழுதி எந்த ஊர், யார் வீடு, கூட ஹெல்மெட் இருந்ததா, அது எங்கே போனது என்று கேளுங்கள். பல பேர் பதில் சொல்கிறார்கள், கேட்பவர்தான் குறைவு. அமிலம் இல்லாத அட்டைச்சீட்டில் பென்சிலால் எழுதிப் பஞ்சு நூலில் கட்டுங்கள், பேனா வேண்டாம், செல்லோடேப்பும் வேண்டாம். அதற்கப்புறம் ஃப்ரீசரில் இரண்டு வாரம். பூச்சி இல்லை என்று விற்றவர் சொன்னாலும் சரி, வையுங்கள்.